பிஞ்சுச் சாவும் அரசின் பேரேடும்

'ஈமச்சடங்கு உதவித்தொகை' என்று தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வழங்கும் தொடரைக் கேட்பவர், அதை அடக்கச் செலவுக்கு அரசு கொடுக்கும் பணம் என்றே புரிந்துகொள்வார். அத்தொகையைத் தரும் திட்டங்களின் விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செல்பவரோ, இறந்தவர் யார் என்பதைவிட அவர் எவ்வளவு சம்பாதித்தார், எந்த வாரியத்தில் பதிந்திருந்தார், எத்தனை வயதினர் என்னும் கேள்விகளே அவ்விதிகளை நடத்துகின்றன என்பதைச் சிறிது நேரத்திலேயே கண்டுகொள்வார். அந்தக் கேள்விகளுக்கு ஒரு குழந்தையிடம் விடை இல்லை. ஆகவே பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம், தந்தையைப் பறிகொடுத்த குடும்பத்துக்குத் திறக்கும் சாளரங்கள் எல்லாம் தனக்கு மூடியே இருப்பதைக் காண்கிறது. காஞ்சிபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வதற்குக் காரணம் உண்டு: பட்டுத் தறியின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் அமர்ந்த ஊர் அது.

நெசவாளர் குடும்பம் ஒன்று முதலில் நாடக்கூடிய இடம் நல வாரியம். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே, அமைப்புசாராத் தொழில்களில் (அதாவது நிலையான முதலாளியும் சம்பளப் பட்டியலும் இல்லாத வேலைகளில்) இருப்போருக்காகத் தொழில்வாரியாக வாரியங்கள் அமைக்கப்பட்டன. கைத்தறி, கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்களுக்கும் அவற்றுள் தனி வாரியம் உண்டு. பதினெட்டு வயது நிறைந்து அறுபதைத் தாண்டாதவர் உறுப்பினராகப் பதியலாம். பதிந்த உறுப்பினர் இறந்தால், மரண உதவியோடு ஈமச்சடங்குக்கென 5,000 ரூபாயும் அவருடைய குடும்பத்துக்குக் கிடைக்கும். உறுப்பினரின் பிள்ளை படித்தால் கல்வி உதவி உண்டு; பிள்ளைக்குத் திருமணம் என்றால் திருமண உதவி உண்டு; பெண் உறுப்பினருக்கு மகப்பேறு உதவி உண்டு, கருச்சிதைவு நேர்ந்தால் அதற்கும் ஓர் உதவி உண்டு. கருவில் கலைந்ததை அறிந்திருக்கும் இவ்வாரியம், பிறந்து, நடந்து, பள்ளிக்குப் போய், ஏழு வயதில் இறந்த பிள்ளையை அறியாது என்பது விதிகளை வரைந்தவர்களின் கல்நெஞ்சத்தால் நேர்ந்ததன்று. உறுப்பினர் என்னும் ஒற்றைச் சொல்லைச் சுற்றியே முழு ஏற்பாடும் கட்டப்பட்டதால் நேர்ந்த ஓட்டை அது. (ஓட்டை என்றாலும் அதற்குள் விழுபவருக்கு ஆழம் ஒன்றுதான்.)

தறியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன குடும்பங்களின் நிலையும் இதிலிருந்து வேறுபடவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகிய பின் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நிறுவனப் பேருந்தில் ஏறி வேலைக்குச் செல்லத் தொடங்கினர். அவர்களுள் ஊதிய வரம்புக்கு உட்பட்டோர் 'இஎஸ்ஐ' என்று எல்லாரும் சொல்லும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ் வருகின்றனர். அக்காப்பீடு தொழிலாளியின் மனைவிக்கும் மக்களுக்கும் மருத்துவம் பார்க்கிறது. தொழிலாளி இறந்தால் அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை தருகிறது. ஆனால் அதே அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெற்ற குழந்தை சிகிச்சை பலனின்றி இறந்துவிட்டால் அடக்கத் தொகை கிடையாது, ஏனெனில் சட்டத்தின் மொழியில் காப்பீடு செய்யப்பட்டவர் தகப்பன், குழந்தை அவரைச் சார்ந்தவர் மட்டுமே. 1995 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் குடும்ப நல உதவித் திட்டம் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது: வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவர், 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால், 2012இல் உயர்த்தப்பட்ட கணக்கின்படி 20,000 ரூபாய். பிரதமர் பெயரில் வங்கிகள் வழியே விற்கப்படும் ஆயுள், விபத்துக் காப்பீடுகள் இரண்டிலும் பதினெட்டு வயதே வாசற்படி.

இவற்றுக்கு நேர் எதிரே வைத்துப் பார்க்கத்தக்க திட்டம் ஒன்று தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிறது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் மாணவரின், வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அம்மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பீடு செய்யப்படுகிறது. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கண்ணாடியில் இடம் வலமாக மாறுவதுபோல, இறந்தது மாணவர், எஞ்சியது பெற்றோர் என்று வரியை மாற்றி எழுதிப் பார்த்தால் அப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாகிவிடுகிறது.

இந்த வெறுமைக்குப் பின்னால் இருப்பது, குழந்தை சம்பாதிப்பதில்லை என்னும் எண்ணம். காஞ்சிபுரம் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்ற இடமாக இருப்பது அதன் நெசவு முறையால். காஞ்சிப் பட்டின் தனி அடையாளம் 'கோர்வை'. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக இருக்கும் புடவையில், இரண்டின் ஊடை நூல்களும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வோர் இழையாகப் பின்னி இணைக்கும் வேலைக்கு அப்பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நடுவிலும் ஒரு பக்கத்திலும் நாடாவை நெசவாளர் எறிந்தால், மறுபக்கக் கரையின் நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர் குழித் தறியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த இன்னொருவர் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். வீட்டுத் தறியில் அது மகன் அல்லது மகள். பிறர் தறியில் அது கூலிப் பிள்ளை. கூலிப் பிள்ளையைத் தறிக்குக் கட்டிப்போட்டது 'முன்பணம்', அதாவது வேலை தொடங்குமுன் தறி முதலாளி பெற்றோருக்குக் கொடுக்கும் கடன். கடன் தீரும்வரை பிள்ளை வேறெங்கும் போக முடியாது. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது. முன்பணம் வாங்கும் குடும்பங்கள் எதற்காக வாங்கின என்று பார்த்தால், நோய், கல்யாணம், சாவு என்னும் மூன்றும் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் ஒரு சாவு விழுந்து, அதன் செலவுக்குக் கைமாற்று வாங்கி, அந்தக் கைமாற்றுக்கு ஈடாக இன்னொரு பிள்ளை தறியேறியது இந்த ஊரின் பொருளாதார வரலாற்றில் ஒரு பகுதி.

அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. சட்டங்களும் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து கூலிப் பிள்ளைகளைத் தறியிலிருந்து இறக்கிவிட்டன. விசைத்தறியும் தொழிற்சாலை வேலையும் தறியையே பல வீடுகளிலிருந்து இறக்கிவிட்டன. எனினும் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை முற்றாகத் தடைசெய்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை 'உதவலாம்' என்று ஒரு விலக்கும் வைத்தது. உதவி என்னும் இச்சொல் கவனிக்கத்தக்கது. பிள்ளை உயிரோடிருக்கையில் செய்ததை உழைப்பு என்று எழுதினால் சட்டம் மீறப்படும் என்பதால் அது உதவி ஆகிறது. உதவிக்குக் கூலி இல்லை. கூலி இல்லாதவர் வருவாய் ஈட்டுபவர் அல்லர். வருவாய் ஈட்டாதவர் சாவுக்கு உதவித்தொகை இல்லை. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நியாயமானது. சங்கிலியாகக் கோத்துப் பார்க்கும்போதுதான் அது எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது தெரிகிறது.

நீதிமன்றங்கள் இச்சிக்கலை நெடுங்காலமாக எதிர்கொண்டுவருகின்றன. 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் விழாவொன்றில் பற்றிய தீயில் பலர் மாண்ட வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம், ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு முன்னர்க் கணிக்கப்பட்ட தொகை போதாது என்று கூறி ஆளுக்கு இரண்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2013இல், சாலை விபத்தில் இறந்த பத்து வயதுச் சிறுவனின் பெற்றோர் தொடுத்த வழக்கில், அவன் பெற்றோரின் வேளாண் வேலையில் கைகொடுத்துவந்தான் என்பதைச் சுட்டிய அதே நீதிமன்றம், அவனுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் 'கருத்தியல் வருமானம்' (உண்மையில் ஈட்டாவிட்டாலும் ஈட்டியதாகக் கொள்ளும் தொகை) கணக்கிட்டு மொத்தம் ஐந்து லட்சம் வழங்கியது. 2017இல் அரசியல் சாசன அமர்வு, சாலை விபத்து வழக்குகள் அனைத்திலும் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் என்று ஒரே அளவு நிர்ணயித்தது. 2018இல், துணையை இழந்தவருக்குத் தரப்பட்டுவந்த இழப்பீட்டுப் பிரிவு, பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் உரியது என்று ஏற்கப்பட்டது. இறந்தவருக்கு வயது என்ன என்று பாராமல் சவக்குழிக்கும் துணிக்கும் பணம் வேண்டும் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது எனலாம். ஆனால் அதற்கு ஒரு வண்டி மோதியிருக்க வேண்டும், வண்டிக்குக் காப்பீடு இருக்க வேண்டும், வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். குழி தோண்டுபவர் அன்று மாலையே கூலி கேட்பார்.

பேரிடரில் இறந்தாலும் அரசு வயதைக் கேட்பதில்லை. மாநிலப் பேரிடர் நிதியின் விதிப்படி வெள்ளத்திலோ புயலிலோ இறந்த ஒவ்வொருவருக்கும் நான்கு லட்சம். உச்ச நீதிமன்றத்தின் 2021 ஜூன் தீர்ப்பைத் தொடர்ந்து கொரோனாவால் இறந்த ஒவ்வொருவருக்கும் 50,000. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தபோது நிவாரணம் உடனே அறிவிக்கப்பட்டது. இழப்பீடு பற்றிய வழக்கு பின்னர் நெடுங்காலம் நடந்தது. குளத்தில் மூழ்கியும் சுவர் இடிந்தும் சிறுவர் இறக்கும் செய்திகளைத் தொடர்ந்து முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து தொகை அறிவிக்கப்படுவதும் வழக்கம். அது அறிவிப்பு, உரிமை ஆகாது. செய்தியாகும் சாவுக்குத்தான் அறிவிப்பு வரும். தமிழ்நாட்டில் சிசு மரண வீதம் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஆயிரம் பிறப்புக்கு 13 (அதே ஆண்டு இந்திய அளவில் 28) என்று குறைந்திருப்பது பெருமைக்குரியது. ஆனால் அந்தப் பதின்மூன்றும் பெரும்பாலும் குறைமாதம், மூச்சுத் திணறல், தொற்று, இதயக் கோளாறு என்று மருத்துவமனைக் கட்டிலில் ஓசையின்றி நிகழ்பவை. எந்த நாளிதழும் அவற்றை எழுதுவதில்லை.

பிள்ளையின் அடக்கத்துக்கு அப்படி என்ன செலவாகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. சுடுகாடு, இடுகாடு என்னும் இரு சொற்களைத் தமிழ் தனித்தனியே வைத்திருப்பதற்கேற்ப, பெரியவர்களை எரிக்கும் குடும்பங்களும் சிறு குழந்தையை மண்ணிலேயே இடுகின்றன. பாடை இல்லை, பறை இல்லை, தகப்பனோ தாய்மாமனோ கையில் ஏந்தித்தான் கொண்டுபோவது, பால் ஊற்றித்தான் மூடுவது. தீட்டு நாட்களும் குறைவு. ஆனால் சடங்கு சுருங்கியதால் செலவு சுருங்கிவிடுவதில்லை, ஏனெனில் செலவு இடுகாட்டுக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. காஞ்சிபுரத்தில் நிலைமை முற்றிய குழந்தையைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ, எழுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள். சிகிச்சை இலவசம் என்றாலும் உடன் இருப்பவரின் சாப்பாடு, தங்கல், போக்குவரத்து இலவசமல்ல. நெசவாளருக்குப் புடவை அறுத்துக் கொடுத்த பிறகே கூலி. தறி நின்ற நாட்களுக்கு யாரும் எதுவும் தரமாட்டார்கள். இரண்டு வாரம் மருத்துவமனை வராந்தாவில் படுத்துவிட்டு உயிரற்ற பிள்ளையோடு திரும்பும் குடும்பத்தின் கையில், பாலுக்கும் பூவுக்கும் குழிக்குமான சிறு தொகைகூட மிஞ்சியிருக்காது.

இந்தத் திரும்புதலுக்கு அரசு செய்திருக்கும் ஏற்பாட்டைப் பாராட்ட வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீடுவரை கொண்டுசேர்க்கும் இலவச அமரர் ஊர்திச் சேவையை, இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அரசுக்காக நடத்துகிறது. 155377 என்னும் எண்ணுக்கு அழைக்கலாம். அதில் வயது வரம்பு இல்லை, வருமானச் சான்று இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. சாவு என்று ஒன்று நேர்ந்தது, உடல் என்று ஒன்று இருக்கிறது, அது போதும். வாரியங்களின் விதிகளை வரைந்தவர்கள் ஒருமுறை இந்த ஊர்தியின் விதிகளைப் படித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் ஊர்தியும் சாலை உள்ள இடம் வரைதான் போகும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட தாய் கையில் சுமந்தே மலையேறினார். அதே ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிந்தைய நாட்களில், சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் இறந்து பிறந்த குழந்தையின் உடல் அட்டைப்பெட்டியில் வைத்துத் தகப்பனிடம் கொடுக்கப்பட்டது பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, ஊழியர் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. ஊழியரின் அலட்சியம் உண்மை. ஆனால் அத்தனை சிறிய உடலுக்கு என்ன துணி, யார் செலவில் என்னும் கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்காத ஏற்பாட்டுக்கும் அந்த அட்டைப்பெட்டியில் பங்குண்டு.

தமிழ் மரபு இந்த இடத்தில் இத்தனை கஞ்சத்தனம் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக வழங்கும் புறநானூற்று 74ஆம் பாடல், இறந்து பிறந்த குழவியையும் உருவமற்ற தசைப் பிண்டத்தையும்கூட ஆள் என்று மதித்து வாளால் கீறிப் புதைத்த வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. வழக்கம் கொடியதாக இன்று தோன்றலாம். அதற்கு அடியிலுள்ள, பிறந்தது எதுவாயினும் அது இக்குடியின் ஓர் ஆள் என்னும் கணக்கு கவனத்துக்குரியது. கதையின் பிற்பகுதி காஞ்சியில் நிகழும் மணிமேகலையில், புகார் நகரத்துச் சுடுகாடாகிய சக்கரவாளக் கோட்டத்தை விவரிக்கும் காதை, எரித்தல் முதல் தாழியால் கவித்தல் வரை அக்காலத்து அடக்க முறைகள் ஐந்தையும் சொல்லிவிட்டு, அங்கே அஞ்சி இறந்த சார்ங்கலன் என்னும் சிறுவனின் உடலைத் தாய் கோதமை ஏந்திச் சென்று தெய்வத்திடம் முறையிடுவதை நடுவே வைக்கிறது. தெய்வத்தாலும் உயிரைத் திருப்பித் தர முடியவில்லை. முறையீட்டை அது முழுக்கக் கேட்டது.

வேறிடங்களில் இக்கதவு திறந்திருக்கிறது, அதற்குப் பெரும் செல்வம் தேவைப்படவில்லை என்பதற்குப் பீகாரே சான்று. அங்குள்ள கபீர் அந்த்யேஷ்டி திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் எந்த வயதினர் இறந்தாலும் இறுதிச் சடங்குக்கு 3,000 ரூபாய் தருகிறது. (தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் பீகாரைப் பின்தங்கியதற்கு உவமையாகக் காட்டுவோர் இதையும் குறித்துக்கொள்ளலாம்.) பிரிட்டனில் இது ஒரு தாயின் முயற்சியால் வந்தது. 1989இல் எட்டு வயது மகனை விபத்தில் இழந்து, அடக்கச் செலவுக்குக் கடன்பட்ட கரோலின் ஹாரிஸ், பின்னாளில் ஸ்வான்ஸி கிழக்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி அதற்காகப் போராடினார். 2017இல் வேல்ஸ் குழந்தைகளின் அடக்கக் கட்டணத்தை நீக்கியது, 2019 ஜூலையில் இங்கிலாந்தில் குழந்தைகள் அடக்க நிதி தொடங்கியது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும், இருபத்து நான்கு வாரத்துக்குப் பின் இறந்து பிறந்த குழந்தைகளுக்கும் அது பொருந்தும். குடும்ப வருமானம் கேட்கப்படுவதில்லை. அதன் செயல்முறைதான் படிக்கத்தக்கது: பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, இடுகாட்டு நிர்வாகமும் அடக்கம் செய்துதரும் நிறுவனமும் கட்டணத்தை நேரே அரசிடம் வாங்கிக்கொள்கின்றன.

காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு தொகையைப் பெற்றோரே கேட்டு வாங்க வேண்டும் என்று வைத்தால் என்னவாகும் என்பதை ஊகிப்பது எளிது. குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கிராம நிர்வாக அலுவலர் சான்று, வாரிசுச் சான்று என்று நீளும் பட்டியலில், மூன்று மாதக் குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் இன்னும் ஏறியிருக்காது, ஆதார் எடுத்திருக்க மாட்டார்கள், பெயரே வைத்திருக்காமலும் இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு 'வாரிசு' யார் என்று இ-சேவை மையத்தின் கணினி கேட்கும். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரத்தில், இடுகாட்டுப் பதிவேடும் பிறப்பு இறப்புப் பதிவும் ஒரே நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கின்றன; மருத்துவமனை தரும் இறப்பு அறிக்கை ஒன்றே போதும் என்று விதி செய்து, பணத்தை அமரர் ஊர்தி புறப்படும் இடத்திலேயே கொடுத்துவிடவோ, இடுகாட்டில் குழி முதல் துணி வரை இலவசமாக்கவோ தனி அலுவலகம் எதுவும் திறக்க வேண்டியதில்லை.

அந்த இறப்பு அறிக்கை, 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் இருபத்தொரு நாட்களுக்குள் தரப்பட வேண்டியது. அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, பதிவின் நகல் ஒன்றும் இலவசம். படிவம் 2 என்று அதற்குப் பெயர். இறந்தவரின் பெயர், வயது, ஊர், சாவுக்கான காரணம் ஆகியவற்றோடு இறந்தவரின் தொழில் என்று ஒரு கட்டமும் அதில் உண்டு, தொழில் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுத வேண்டும் என்னும் குறிப்போடு. பள்ளி விட்டு வந்து கோர்வைக்கு நாடா வாங்கிக் கொடுத்த பிள்ளைக்கும் எழுத்தர் அதையே எழுதுகிறார்.